கோகிலவாணியின் கூச்சம்

மாலை நாலு இருபதுக் காட்சி. திரையில் ஈசல் பறந்து முடிந்து, கட்டெறும்பு வரும் கட்டம். நூற்றுப் பத்தொன்பது பேரும் ஒரே நொடியில் இடது தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு வீறிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி மட்டும் அசையவில்லை. கொட்டாவி விட்டாள்.

விளக்கு எரிந்து கூட்டம் வெளியேறியதும் மெக்கானிக் சென்னியப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இதுவும் செத்துப்போச்சுங்."

"எது?"

"நான் உக்காந்திருக்கற சீட்டு. எறும்பு வரவே இல்ல."

"இந்த வாரத்துல இது மூணாவது சீட்டு, அம்மிணி. மத்த ரெண்டையும் கழட்டிப் பாத்துப்போட்டேன். ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றனுங்களா?"

"எந்திரி, பாக்கலாம்."

சென்னியப்பன் தொண்ணூறு கிலோ. நாற்காலி முனகியது. சோதனைப் பொத்தானை அழுத்தினான். அடுத்த நொடி அவன் இடது தோள் துள்ளியது. "ஐயோ ஆத்தா, ஐயோ ஆத்தா" என்று நெளிந்து, பொத்தானைத் தேடிப் பிடித்து அணைத்தான்.

"சீட்டு நல்லாத்தான் இருக்குது" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு அவளைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்தப் பொழுதுபோக்குப் பூங்கா. தண்ணீர்ச் சறுக்கும் ராட்டினமும் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கூட்டம் வந்தது 'பூச்சி லோகம்' பார்க்க. வட்டமான அரங்கு, நாலு பக்கமும் திரை. திரையில் மழை பெய்தால் மூக்கில் துளி விழும். நாற்றவண்டு திரும்பி நின்றால் முன் இருக்கையின் முதுகிலிருந்து அழுகின முட்டை வாடை அடிக்கும். அந்த வாடைக்குக் குழந்தைகள் கைதட்டுவார்கள். பெற்றோர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

இவையும் வேறு ஊர்களில் இருந்தன. இங்கே மட்டும் இருந்தது கூச்சப் பட்டை.

வெங்காயத் தோல் அளவுக்கு மெல்லியது. கழுத்து படும் இடத்திலும், முழங்கை படும் இடத்திலும், கணுக்கால் பக்கத்திலும் நாற்காலியோடு ஒட்டியிருக்கும். அது குத்தாது, அசையாது. ஒருவருடைய தோல் என்றோ உணர்ந்ததை இன்னொருவருடைய தோலுக்குள் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கும். திரையில் கம்பளிப்பூச்சி ஊர்ந்தால், பார்ப்பவர் உடம்பில் ஓடுவது யாரோ ஒருவருக்கு முன்பு ஓடிய கூச்சம்.

அந்த யாரோ ஒருவர் கோகிலவாணி.

அவள் அப்போது டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். பட்டையைச் செய்த என்ஜினியர் ரெஹானா, ஊழியர்கள் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து மயிலிறகால் தடவிப் பார்த்தாள். கோகிலவாணியிடம் இறகு வந்து சேரவில்லை. அதற்குள் அவள் நாற்காலியிலிருந்து விழுந்திருந்தாள். தேர்வு அத்தோடு முடிந்தது. ஒரு மாதம் அவளைப் பதிவு செய்தார்கள். கூச்சம் வந்தால் இடது தோளைத் தூக்குவது அவள் பழக்கம். அதுவும் பதிவோடு சேர்ந்து போயிற்று.

இரண்டு வருடத்தில் ஊர்ப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் காட்சி பார்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடங்களில் பின்பெஞ்சுக்காரன் முதுகில் பேனாவால் தொட்டால் முன்பெஞ்சுக்காரன் இடது தோளைத் தூக்கினான். இது என்ன புதுப் பழக்கம் என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். ஊரே தன்னைப்போலத் துள்ளுகிறது என்று கேள்விப்பட்டபோது கோகிலவாணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கவுண்டர் வேலையை விட்டு அவளை அரங்குக்கு மாற்றினார்கள். தினமும் முதல் காட்சிக்கு முன்னால் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அவளுடைய கூச்சம், அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவளுக்கும்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் தளிர் அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலு வயது. அவளுக்குப் பிடித்தது உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டு. கடைந்து, வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைத்து, மிச்சத்தைத் தேடிக்கொண்டு இரண்டு விரல்கள் கையில் ஏறும். முழங்கை தாண்டி அக்குளுக்குள் போகும்போது அம்மா அலற வேண்டும்.

விரல்கள் ஏறத் தொடங்கின. கோகிலவாணி வேறெங்கோ பார்த்தபடி மனதுக்குள் கணக்கு வைத்தாள். இப்போது முழங்கை. இப்போது தோள். சிரித்தாள்.

தளிர் கையை எடுத்துவிட்டாள்.

"நான் இன்னும் அங்க போவவே இல்ல. அதுக்குள்ள எதுக்கு சிரிக்கற?"

கோகிலவாணி குனிந்து பார்த்தாள். குழந்தையின் விரல்கள் முழங்கையிலேயே நின்றிருந்தன.

"பொய்யிச் சிரிப்பு" என்றாள் தளிர். இறங்கிப் போய் அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

பூபதி வார்ப்பட ஆலையில் வேலை பார்ப்பவன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னாச்சுடி?" என்றான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "எத்தனை நாளா தெரியலைன்னும் தெரியல. காலைல சீட்டுச் சீட்டா உக்காந்து, பழக்கத்துல சரின்னே எழுதிட்டு வந்திருக்கனுங்க."

மறுநாள் காலை பதிவு அறையில் ரெஹானா அவள் கண்ணைத் துணியால் கட்டினாள். பஞ்சை நூலாகத் திரித்து முன்கையில் இழுத்தாள்.

"தொட்டேனா?"

"இன்னும் இல்லீங் மேடம்."

ரெஹானா கழுத்தில் இழுத்தாள். காது மடலில் இழுத்தாள். சென்னியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"இப்ப?"

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

ரெஹானா கட்டை அவிழ்த்தாள். ஆம்பூர்க்காரி. எப்போதும் வேகமாகப் பேசுபவள். அன்று நிதானமாகப் பேசினாள்.

"உங்க அக்குள்ல நீங்களே விரலை வெச்சு கிச்சுகிச்சு மூட்டினா சிரிப்பு வருமா?"

"எப்படி வரும்? என்ற கைதானுங்களே."

"அதேதான். கை எங்க வரப்போகுதுன்னு மூளைக்கு முன்னாடியே தெரியும். நம்ம கைதானேன்னு விட்டுடும். ரெண்டு வருஷமா தினம் காலைல நூத்திருபது நாற்காலியில உக்கார வெச்சு, உங்க கூச்சத்தையே உங்களுக்குக் குடுத்திருக்கோம். மூளை நல்லாப் பழகிடுச்சு. இப்ப மெல்லிசா எது தொட்டாலும், இது நம்மளோடதுதான்னு கண்டுக்காம இருக்கு."

"கொசு கடிச்சா?"

"கடிச்சா தெரியும். உக்காந்தா தெரியாது."

சென்னியப்பன் திரும்பினான். "சமையல்காரம்மாவே உப்புப் பாக்கற மாதிரின்னுதானே எல்லாரும் நெனச்சோம்."

"நானும்தான் நெனச்சேன்" என்றாள் ரெஹானா. "நான் நெனச்சிருக்கக் கூடாது."

கோகிலவாணி தன் முன்கையைப் பார்த்தாள். பஞ்சு நூல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"சரி பண்ண முடியுமுங்களா? என்ற பொண்ணு தொட்டா எனக்குத் தெரியோணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"முயற்சி பண்ணலாம். வேற ஒருத்தரோட கூச்சம் வேணும். உங்க மூளைக்கு அறிமுகமே இல்லாதது. எப்ப வரும், எங்க வரும்னு தெரியாம வரணும். இது நம்மளோடது இல்லைன்னு மூளை ஒருநாள் திடுக்கிட்டா, அப்பறம் தானா திரும்பிடும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமுங்களா?"

"நினைக்கிறேன்" என்றாள் ரெஹானா.

ஆள் தேடும் வேலை உடனே ஆரம்பித்தது. சென்னியப்பன் முதலில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். நாற்காலியில் அவனுக்கு வந்தது கோகிலவாணியின் கூச்சம். அவனுடைய சொந்தக் கூச்சம் எப்படி என்று யாருக்கும் தெரியாது. மயிலிறகு முதுகில் இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னுங் கொஞ்சம் மேல. ஆங், அங்கதானுங் மேடம். நல்லா அழுத்தித் தேயுங்க."

"எழுந்திருங்க" என்றாள் ரெஹானா.

கேன்டீன் மாஸ்டர் இறகைக் கண்டதுமே கெக்கே பிக்கே என்று சிரித்தார். கருவியில் ஒரு கோடுகூட எழவில்லை. பொம்பளைப் பிள்ளைகள் நிற்கிறார்களே என்று வெட்கத்தில் சிரித்ததாக ஒப்புக்கொண்டார். ஆலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்த பூபதி, இறகு பட்டதும் தூங்கிப்போனான்.

"வீட்டுலயும் இப்படித்தானுங்க" என்றாள் கோகிலவாணி. அறையே சிரித்தது. குறட்டையும் கூடவே கேட்டது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் முதலாளி கந்தவேல் கதவைத் திறந்தார்.

அவர் யாரோடும் கை குலுக்க மாட்டார். மாலை போட வந்தால் கையில் வாங்கிக்கொள்வார். யார் பேசினாலும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம் விட்டுத்தான் நிற்பார். பணக்காரத் திமிர் என்று ஊழியர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்.

"காட்சி நேரத்துல இங்க என்ன கூத்து?"

சென்னியப்பன் பதறித் திரும்பினான். கையில் மயிலிறகு இருந்தது. அதன் நுனி முதலாளியின் தாடைக்குக் கீழே, மெல்ல, ஒரே ஒரு தரம் உரசியது.

குக்கர் விசில் அடித்ததாகத்தான் கோகிலவாணி நினைத்தாள். கந்தவேல் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு, கதவில் மோதி, தரையில் உட்கார்ந்து, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். விசில் நிற்கவில்லை. பூபதி விழித்துக்கொண்டு, "ஷிப்ட் முடிஞ்சுதா?" என்றான்.

சத்தம் ஓய்ந்ததும் ரெஹானா மெதுவாகச் சொன்னாள்.

"சார், நாங்க தேடின ஆள் நீங்கதான்."

விஷயத்தைக் கேட்டு முடிக்கும்வரை அவர் தரையிலேயே இருந்தார். மீசையைச் சரிசெய்துகொண்டார்.

"படிக்கற காலத்துல என்னைக் கண்டா பசங்க விரலை நீட்டிக்கிட்டே வருவானுங்க. வாத்தியார்கூட ஒருக்கா வந்தாரு. அதுல இருந்து யாரையும் கிட்ட சேக்கறதில்ல."

"அப்பறம் எதுக்கு சார் இப்படி ஒரு தியேட்டரைக் கட்டினீங்க?" ரெஹானா கேட்டாள்.

"மத்தவங்க துள்றதை ஒருநாளாச்சும் உக்காந்து பாக்கோணும்னு ஆசை. என்ற சீட்டுல நான் இதுவரைக்கும் உக்காந்ததில்ல. ஆபீஸ் டிவியிலதான் பாப்பேன்."

கோகிலவாணி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு ஆள் இடம் விட்டே உட்கார்ந்தாள்.

"எனக்கோசரம் குடுங்க, முதலாளி."

"அம்மிணி, உன்ற கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அதை மெசின்ல ஏத்திட்டா அப்பறம் அது என்ற கையில இல்ல. எவனாவது எடுத்துப் படத்துல போட்டுடுவான். ஊர்ல போறவங்க வாரவங்க உடம்புலயெல்லாம் என்ற கூச்சம் ஊரறதா? நெனச்சாலே என்னமோ பண்ணுது. முடியாது."

"என்றது ஊருதுங்களே."

அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் அரங்கில் கட்டெறும்புக் கட்டம் வந்தது. வீறிடல் சுவரைத் தாண்டி அறைக்குள் புகுந்தது. எல்லாரும் கேட்டார்கள்.

"இப்பத் துள்றது நாந்தானுங்க" என்றாள் கோகிலவாணி. "அங்க உக்காந்திருக்கற அத்தனை பேரும் நான். எனக்குத்தான் நான் இல்ல."

கந்தவேல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியது. ஒரு குழந்தை மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"எங்க உக்காரோணும்?"

பதிவு நடந்த நாட்களில் புது ஜெனரேட்டர் சோதனை நடப்பதாக ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டது. ஜெனரேட்டர் சில சமயம் "வேண்டாம்டா, வுடுங்கடா" என்று கத்தியது. யாரும் கேள்வி கேட்கவில்லை. கேன்டீன் மாஸ்டர் மட்டும் தினமும் அறை வாசலில் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இடையில் ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டு கந்தவேல் சொன்னார்:

"ரெஹானா, பெரிய அரங்குல ஓடறதை இந்த மாசத்தோட எடுத்துப்போடு. இனிமே யாரோடதா இருந்தாலும் ஒரு பருவம்தான். அதுக்கு மேல வேணும்னா அவங்களையே மறுபடியும் கேளு. அவங்க மாட்டேன்னா மாட்டேன்தான்."

"புதுப் படத்துக்கு கோகிலா பதிவைத்தானே நம்பியிருந்தோம் சார்?"

"வேற ஆளைத் தேடு. ஊர்ல கூச்சத்துக்கா பஞ்சம்?"

கோகிலவாணிக்கென்று ஒரு நாற்காலியைத் தனியாக எடுத்துப் பதிவு அறையில் போட்டார்கள். அதில் முதலாளியின் கூச்சத்தை ஏற்றினார்கள். ரெஹானா பக்கத்து அறையில் இருந்துகொண்டு நினைத்த நேரத்தில் பொத்தானை அழுத்துவாள். கோகிலவாணி பூக் கட்டிக்கொண்டிருப்பாள், அல்லது ஃபோனில் அக்காவோடு பேசிக்கொண்டிருப்பாள்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் ஒருநாள் பூச்சரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன தெரிஞ்சுது?" ரெஹானா ஓடி வந்தாள்.

"கூச்சம் இல்லீங். யாரோ பின்னாடி வந்து நிக்கற மாதிரி."

"யாரு?"

"தெரியல. பழக்கமில்லாத ஆளு."

ரெஹானா அதை ஒரு நல்ல சேதிபோலக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு மறுபடியும் ஒன்றும் இல்லை. யாரோ வந்து நின்றார், போய்விட்டார். தளிர் பருப்புக் கடையும் விளையாட்டை மறந்துபோனாள். இப்போது அப்பாவின் மீசையில் சீப்புப் போட்டு வாரிக்கொண்டிருந்தாள். பூபதி அப்போதும் தூங்கினான்.

மாதக் கடைசி ஞாயிறு. பெரிய அரங்கில் கோகிலவாணியின் பதிவு ஓடும் கடைசி நாள். பூபதியும் தளிரும் வந்திருந்தார்கள். காட்சி முடிந்து வந்தவர்கள் எல்லாரும் இடது தோளைத் தேய்த்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, ஐஸ்கிரீம் கடைப் பக்கம் போனார்கள். அரங்குக்குப் பின்னால் புங்கமரத்து நிழலில் ரெஹானாவும் சென்னியப்பனும் இவர்களோடு சேர்ந்து உட்கார, கேன்டீன் மாஸ்டர் டீ கொண்டுவந்து வைத்தார். கந்தவேலும் வந்து உட்கார்ந்தார். இந்த முறை பக்கத்து ஸ்டூலில். நடுவில் அரை ஆள் இடம்தான் இருந்தது.

"வருத்தமா இருக்குதா?" சென்னியப்பன் அவளைக் கேட்டான்.

"எதுக்குங்?"

"நாளையில இருந்து யாரும் உன்னையாட்டம் துள்ள மாட்டாங்க."

"நல்லதாப் போச்சு. எத்தனை பேரை நான் சுமக்கறது?"

"இன்னிக்குக் காலைலயும் ஒண்ணும் தெரியலையா?" பூபதி கேட்டான்.

"இல்லீங்க." அவள் டீயை ஆற்றினாள். "பரவால்ல. இவ்வளவு நாளு வந்துபோட்டேன், இன்னுங் கொஞ்ச நாளு வாரேன். முதலாளி கூச்சம் லேசுப்பட்டதா? அவியளாட்டவே இருக்குது. கிட்ட வாரதுக்கே யோசிக்குது."

கந்தவேல் முதலில் முறைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். சென்னியப்பன் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. காற்றடித்தது. மரத்திலிருந்து பூவும் சருகுமாக எல்லார் தலையிலும் கொட்டின. மாஸ்டர் டம்ளர்களைக் கையால் மூடினார்.

"அது மட்டுமில்லீங்க, நேத்து பாருங்க, ரெஹானா மேடம் பொத்தானை அழுத்திப்போட்டு என்ற மூஞ்சிய எட்டிப் பாக்கறாங்க, நான் அப்பத்தான் அக்காகிட்ட..."

கோகிலவாணி பேச்சை நிறுத்தினாள். டம்ளர் கையில் சாய்ந்தது. டீ புடவையில் சிந்தியதை அவள் கவனிக்கவில்லை.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பார்வை அவள் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. கந்தவேல் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார். தளிர் எதையோ சொல்ல விரலை நீட்டினாள். பூபதி அவள் வாயைப் பொத்தினான். சென்னியப்பன் தட்டிவிடக் கையைத் தூக்கினான். ரெஹானா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோகிலவாணியின் உதடு கோணிக்கொண்டு போனது. இடது தோள் தானாகக் காதுவரை ஏறியது.

"ஏனுங், என்ற கழுத்துல என்னமோ ஊருது... சீக்கிரம் சொல்லுங்க, என்னதுங்க அது?"